மொட்டை மாடிக்குக் கீழே ஒரு வீடு

2015 மே மாதம் அம்மா ஹைதராபாத் வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் உத்திரமும் சுண்ணாம்பும் போட்ட மட்டப்பா வீட்டில் அறுபது வருஷம் இருந்தவள். எங்கள் ஃப்ளாட் ஐந்தாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். வந்த மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏய்யா, இது வீடா செங்கச்சூளையா? வெளிய காத்து குளுந்துட்டு, உள்ள இன்னும் கொதிக்கில்லா" என்றாள். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மணி பதினொன்று, படுக்கையறையில் 37 டிகிரி. இரண்டாவது மாடி நண்பர் வீட்டில் அதே நேரத்துக்கு 33.

அந்த மே மாத அனலில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் சேர்த்து இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு மயக்கம் வந்தது, க்ளூக்கோஸ் ஏற்றினோம், சரியானது. அடுத்த ரயிலில் ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலே கட்டடங்களுக்கு ஏசி டிசைன் செய்வது. ஆபீஸ் கட்டடத்துக்கு எத்தனை டன் குளிர்ச்சி வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 2010-ல் என் சொந்த வீட்டை வாங்கும்போது கூரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பில்டர் கொடுத்த புத்தகத்தில் நூறு சதவீதம் வாஸ்து என்று இருந்தது, பக்கத்திலேயே பச்சை இலை போட்டு 'கிரீன் ஹோம்' என்றும் இருந்தது. இந்த ஊரில் கிழக்குப் பார்த்த வாசலுக்குத் தனி ரேட். நானும் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்கினேன். வாசல் கிழக்கே என்றால் படுக்கையறை மேற்கே என்பது சாயங்கால வெயில் அடித்தபோதுதான் உறைத்தது :-)

அம்மாவை வண்டி ஏற்றிவிட்டு வந்தபிறகு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. ஒரு வீடு எவ்வளவு சுடும், எவ்வளவு கரண்டு குடிக்கும் என்று வாங்குவதற்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது யார்? அப்படிச் சொல்ல இந்த நாட்டில் ஏதாவது வழி இருந்ததா? தேடப்போனதில் கிடைத்த கதைதான் இது.

வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் நம் வெயிலுக்கென்றே 'டிராபிகல் சம்மர் இண்டெக்ஸ்' என்று ஒரு அளவுகோல் செய்தார்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து, உடம்புக்கு எப்படி இருக்கும் என்று சொல்வது அது. 1987-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு எஸ்.பி. 41 என்ற கையேட்டைப் போட்டபோது அதில் இதுவும் இருந்தது. கூரையையும் சுவரையும் தாண்டி எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்று கணக்குப் போடும் முறையும் இருந்தது. கல்லூரியில் நானும் படித்தேன், பரீட்சை எழுதினேன், மறந்தேன். அது கையேடுதான், சட்டம் இல்லை. பிளான் பாஸ் பண்ணுகிற அதிகாரி பக்கத்துக் காலியிடத்தை அளப்பார், உயரத்தை அளப்பார். வெப்பத்தை அளக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

சட்டம் 2001-ல் வந்தது. எரிசக்தி சேமிப்புச் சட்டம். அதன்படி 2002 மார்ச்சில் பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கியது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான். 2006-ல் விருப்பப்பட்டவர்கள் ஒட்டலாம் என்று ஆரம்பித்து, 2010 ஜனவரியிலிருந்து ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் கட்டாயமாக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், நான் வீடு வாங்கிய அதே வருஷம். முப்பதாயிரம் ரூபாய் ஏசிக்கு நட்சத்திரம் உண்டு, அது மாட்டப்போகிற முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்குக் கிடையாது.

ஏசி நட்சத்திரத்திலேயே அளக்கும் முறை மாறிய கதை ஒன்று உண்டு. முதலில் வெளியே 35 டிகிரி இருக்கும்போது மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஒரே ஒரு புள்ளியில் அளந்தார்கள். வெயில் அப்படியா நிற்கிறது? அதனால் 24-லிருந்து 43 டிகிரி வரை ஒரு வருஷத்தில் எந்தெந்த வெப்பம் எத்தனை மணி நேரம் என்று பிரித்து, மொத்தத்துக்கும் கணக்கிடும் ஐ.எஸ்.இ.இ.ஆர். முறையைக் கொண்டுவந்தார்கள். 2018-ல் அது கட்டாயமானது. நேற்றைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றாகிவிடும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். நமக்கு அவர் சொல்ல மாட்டார்.

கட்டடத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஹைதராபாத்துக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஹைடெக் சிட்டி பக்கத்தில் சி.ஐ.ஐ. - சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் என்று ஒரு வட்டமான கட்டடம். நடுவில் முற்றம், காற்றுக் கோபுரங்கள், ஜாலிச் சுவர். 2003-ல் அமெரிக்காவின் லீட் பிளாட்டினம் தரம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதை வாங்கிய முதல் கட்டடம். 2004 ஜூலை 14-ல் திறந்துவைத்தவர் நம் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துக்காரருக்கு முற்றமும் காற்றும் புதிதாக இருந்திருக்காது! இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சிலின் தலைமையிடமும் இதே ஊர்தான். 2008 வாக்கில் வீடுகளுக்கென்று தனியாக ஒரு தரமுறையையும் கொண்டுவந்தார்கள். ஆனால் அதெல்லாம் பில்டர் விரும்பி, காசு கட்டி வாங்குவது. தண்ணீர், குப்பை, மரம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அரசாங்கத்தின் ஈ.சி.பி.சி. விதித்தொகுப்பு 2007 மே மாதம் வந்தது, வணிகக் கட்டடங்களுக்கு மட்டும். ஒன்றுபட்ட ஆந்திரம் 2014 ஜனவரியில் அதைக் கட்டாயமாக்கியது. ஜூனில் மாநிலம் பிரிந்தபோது தெலங்கானாவும் அதைத் தொடர்ந்தது. ஆக, நான் பகலில் டிசைன் செய்த ஆபீஸ்களுக்கு விதி வந்துவிட்டது. ராத்திரி போய்ப் படுக்கிற வீட்டுக்கு வரவில்லை.

இதற்கிடையில் இந்த ஊரில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியே ஆகவேண்டும். 2008-ல் கோடையிலும் மழைக்காலத்திலும் மாதவி இந்திரகாந்தி என்ற ஆய்வாளர் ஹைதராபாத்தில் ஐந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், 45 ஃப்ளாட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கேட்டார். இப்போது சுடுகிறதா, குளிர்கிறதா, சரியாக இருக்கிறதா? கூடவே அறையின் வெப்பத்தையும் அளந்தார். கிட்டத்தட்ட நாலாயிரம் பதில்கள். மக்களுக்குச் 'சரியாக இருக்கிறது' என்று தோன்றிய வெப்பம் 29 டிகிரி சொச்சம். 26-லிருந்து 32 சொச்சம் வரை தாங்கிக்கொண்டார்கள். அப்போதைய தேசியக் கட்டட விதியோ கோடையில் 23-லிருந்து 26 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. எந்த வெப்பத்தை நீங்கள் 'வசதி' என்று எடுத்துக்கொள்கிறீர்களோ, அதை வைத்துத்தான் வீட்டுக்குக் கரண்டு எவ்வளவு ஆகும் என்ற கணக்கே நிற்கிறது. 24 என்று வைத்தால் எல்லா வீட்டுக்கும் ஏசி வேண்டும். 29 என்று வைத்தால் நல்ல கூரையும் ஒரு ஃபேனும் பல மாதங்களுக்குப் போதும். கைலி கட்டிக்கொண்டு, ஃபேனைக் கூட்டிவைத்து, ஜன்னலைத் திறந்துகொண்டு வாழ்கிற மனுஷனை அந்தப் பழைய விதி பார்த்ததே இல்லை. கோட்டுப் போட்டவனை வைத்து எழுதியது. பிறகு அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் இந்தியாவுக்கான தகவமைவு மாதிரியை உருவாக்க, 2016-ன் தேசியக் கட்டட விதியில் அது இடம்பிடித்தது.

வீட்டுக்கு விதி கடைசியில் 2018 டிசம்பர் 14-ல் வந்தது. பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. முக்கியமான எண் ஆர்.இ.டி.வி. சுவர் வழியாக, ஜன்னல் கண்ணாடி வழியாக, நேரடி வெயிலாக என்று மூன்று விதமாக உள்ளே வரும் வெப்பத்தைக் கூட்டி, வெளிப்புறப் பரப்பால் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. குளிர்ப் பிரதேசம் தவிர நாடு முழுக்க இதே எண். கூரைக்குத் தனிக் கணக்கு: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் விடக்கூடாது. வெறும் கான்கிரீட் தளம் 3-க்கு மேல் விடும், அதாவது என் தலைக்கு மேல் இருந்தது. திறக்கக்கூடிய ஜன்னலுக்கும் கணக்கு உண்டு. ஹைதராபாத்தில் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு, புழுக்கமான சென்னையில் ஆறில் ஒரு பங்கு. இது எனக்குப் பிடித்த விதி. ஏசி மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது.

பிடிக்காததும் உண்டு. 15 வாட் என்பது மொத்தக் கட்டடத்தின் சராசரி. வடக்குப் பக்க வீடுகள் குளிர்ச்சியாக இருந்தால், மேற்கு மூலை வீட்டின் வேக்காடு அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும். சராசரி பாஸ், மேற்கு வீட்டுக்காரன் ஃபெயில். இன்னொன்று, 500 சதுர மீட்டர். இங்கே நிலத்தைக் கஜத்தில்தான் பேசுவார்கள், கிட்டத்தட்ட 600 கஜம். நம்மூர்க் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. 150, 200 கஜத்தில் தனி வீடு கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாசலுக்கு வெளியே.

2019 பிப்ரவரியில் வீட்டுக்கே நட்சத்திரம் ஒட்டும் திட்டத்தை அறிவித்தார்கள், விருப்பம் உள்ளவர்களுக்கு. ஒரு வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பது அளவு. 2021-ல் ஈகோ நிவாஸின் அடுத்த பகுதி வந்தது. லிஃப்ட், பம்ப், விளக்கு, சோலார் எல்லாம் சேர்த்துப் புள்ளி போடும் முறை. 2022-ல் சட்டத்தையே திருத்திக் குடியிருப்புக் கட்டடங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள், அதுவும் பெரிய கட்டடங்களைத்தான். விதி எழுதுவது டெல்லி, அமலாக்க வேண்டியது மாநிலம்.

இங்கிலாந்தில் இருக்கும் அக்கா பையன் ஒரு வீடு வாங்கினான். விளம்பரத்திலேயே ஏ-யிலிருந்து ஜி வரை ஒரு எழுத்து போட்டிருந்தது, இவனுக்கு டி. அங்கே 2007-லிருந்து விற்கிற வீட்டுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். அதோடு சேர்த்துக் கொண்டுவந்த பெரிய தகவல் பொட்டலம் 2010-ல் நிறுத்தப்பட்டது, சான்றிதழ் மட்டும் பிழைத்தது. அதிலும் கூத்து உண்டு. பழைய வீட்டின் சுவரை யார் உடைத்துப் பார்ப்பது? கட்டிய வருஷத்தைப் பார்த்துச் சுவர் இன்னது என்று ஊகித்துக்கொள்வார்கள். முன்பு இருந்தவர் செலவழித்து வெப்பத்தடுப்புப் போட்டிருந்தாலும், ஆதாரம் இல்லாவிட்டால் ஊகம்தான் ஜெயிக்கும். ஆனாலும் வாங்குபவன் கையில் ஒரு எழுத்து இருக்கிறது. என் கையில் பச்சை இலைதான் இருந்தது.

என் கூரைக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் ஐ.ஐ.ஐ.டி.காரர்களும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் சேர்ந்து வணிகக் கட்டடங்களின் கூரையில் வெள்ளை பூசி அளந்து, 2012-ல் வெளியிட்டிருந்தார்கள். சாதாரண கான்கிரீட் கூரையில் வெள்ளை பூசினாலே ஏசி செலவில் 10-லிருந்து 19 சதவீதம் மிச்சமாகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு 2016-ல் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் பிடித்தது சண்டை. மொட்டை மாடி எல்லாருக்கும் சொந்தம், வெப்பம் மேல்மாடி ஆறு வீட்டுக்கு மட்டும் சொந்தம். "உங்கள் வீடு சுடுவதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார் தரைத்தளத்துக்காரர். லிஃப்டுக்கு அவர் இதே கேள்வியைக் கேட்டு ஜெயித்தவர். இரண்டு வருஷம் இழுத்து, ஆறு வீட்டுக்காரர்கள் பாதி, அசோசியேஷன் பாதி என்று 2018 மார்ச்சில் பூசினோம். அந்த மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு 34 டிகிரி.

2023 ஏப்ரலில் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. இப்படி ஒன்றைக் கொண்டுவந்த முதல் மாநிலம். 600 கஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் வீடு கட்டினால், குளிர்கூரை இருந்தால்தான் குடியேறும் சான்றிதழ். பழைய வீடுகளுக்கு விருப்பம்போல. செய்தியைத் தரைத்தளத்துக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் காட்டினார்.

அம்மா 2019-ல் மறுபடி வந்தாள். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேல இப்ப பரவால்லய்யா, மேக்க இன்னும் கொதிக்கி. அந்த ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டேன்" என்றாள். சாலையோரக் கடையில் மூங்கில் தட்டி வாங்கி, ஜன்னலுக்கு வெளியே கட்டியிருக்கிறேன். கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று அசோசியேஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.