அட் ஹோம், வீடு, ஊர்: பனியன் நகரத்தில் ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத்தில் ‘அட் ஹோம்’ என்னும் தொடர் நான்கு பொருள்களில் வழங்குகிறது. வீட்டில் இருத்தல், கூச்சமின்றி இயல்பாக இருத்தல், ஒரு துறையில் தேர்ச்சியோடு இருத்தல், விருந்தினரை அழைத்து உபசரிக்கும் நிகழ்ச்சி என்பன அவை. குடியரசு நாளில் ஆளுநர் மாளிகையில் நடக்கும் ‘அட் ஹோம்’ நான்காம் பொருளுக்குரியது. தமிழ் நாளிதழ்கள் அதைத் ‘தேநீர் விருந்து’ என்று எழுதுகின்றன. தேர்ச்சியைக் குறிக்கத் தமிழில் ‘தண்ணி பட்ட பாடு’ என்னும் வழக்கு இருக்கிறது. பனியன் நகரமான திருப்பூரில் பல ஆண்டுகள் ஓவர்லாக் மிஷினில் தைத்தவருக்கு அந்த மிஷின் தண்ணி பட்ட பாடு. எஞ்சிய இரண்டு பொருள்களுக்கே ‘வீடு’ வருகிறது. “உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க” என்பது விருந்தாளியின் கூச்சம் போக்கச் சொல்லும் சொல்.

வீடு என்பது ‘விடு’ என்னும் வினையின் முதல் நீண்டு பிறந்த பெயர். கெடு, கேடு ஆனதைப் போன்றது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் அது பற்று நீங்கிய விடுதலையைக் குறிக்கிறது. படை தங்கும் இடம் படைவீடு. ஜாதகக் கட்டத்தில் 12 வீடுகள். குடியிருக்கும் இடத்துக்கு இல், மனை, அகம் என்னும் பழஞ்சொற்களும் உண்டு. இல்லாள், மனைவி என்பவை அவற்றின் வழி வந்தவை. “எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று கணவன் சொன்னால், அங்கே வீடு என்பது மனைவியே.

திருப்பூர் இருக்கும் கொங்கு நாட்டுப் பேச்சில் வீடு ‘வூடு’ ஆகும். தோட்டத்தில் இருப்பது ‘சாளை’. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் ‘லைன் வீடு’ பெருகியது. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி நிற்கும் கதவுகள், உள்ளே ஓர் அறை, மூலையில் அடுப்பு, வெளியே எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் என்பது அதன் பழகிய அமைப்பு. பெண்கள் பேச்சில் கணவரைக் குறிக்கும் ‘வீட்டுக்காரர்’, வாடகை நாளில் அட்வான்ஸ் வாங்கிய உரிமையாளரையும் குறிக்கும்.

‘வீட்டு வேலை’ என்னும் தொடருக்கும் இங்கே பொருள் கூடியிருக்கிறது. சமையலும் துடைப்பும் வீட்டு வேலை. பிறர் வீட்டில் கூலிக்குச் செய்வதும் வீட்டு வேலை. கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவதும் வீட்டிலிருந்தே செய்யும் வேலைதான். வாசற்படியில் அமர்ந்த பெண் ஒவ்வொரு உருப்படியையும் திருப்பித் தையல் ஓரத்து நூலைச் சிறு கட்டரால் நறுக்குகிறார். கூலி பீஸ் கணக்கு. இத்தகைய உழைப்பாளருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

ஆங்கிலத்தின் ‘ஹோம்’ ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் ‘வீடு’, ‘ஊர்’ என இரண்டாகப் பிரிக்கிறது. தேனியிலிருந்தோ மதுரையிலிருந்தோ குடிவந்த தொழிலாளி பகல் முடிந்து “வீட்டுக்குப் போறேன்” என்கிறார். தீபாவளிக்கு “ஊருக்குப் போறேன்” என்கிறார். முன்னது வாடகை இடம், பின்னது பிறந்த மண். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே நிலைதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மிஷின்கள் நின்றபோது, வாடகை அறை இருந்தும் அவர்கள் தேடியது ஊரைத்தான்.

திருப்பூரின் பின்னலாடையை உலகம் உடுத்துகிறது. அதைத் தைத்தவர்களுக்குத் தண்ணீரும் காற்றும் கழிப்பறையும் உள்ள குடியிருப்பு அமைய வேண்டும். அவர்கள் பிள்ளைகள் இந்த நகரத்தையே ‘எங்க ஊர்’ என்று சொல்லும் நாளில்தான் ‘அட் ஹோம்’ என்னும் தொடரின் இரண்டாம் பொருள் இங்கே முழுமை பெறும்.