கட்டளை வரியில் சமவாய்ப்புப் பதினறும எண்கள்

யுனிக்சு இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே 'ஓடி' என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. கோப்பில் உள்ள பைட்டுகளை எண்களாக அச்சிடுவது இதன் பணி. 1994இல் தியடோர் சோ, லினக்சு கருனிக்குச் சமவாய்ப்பு எண் ஆக்கியை எழுதினார். விசை அழுத்தம், வட்டு இயக்கம் போன்றவற்றின் நேர வேறுபாடுகளைத் திரட்டி, முன்கணிக்க முடியாத பைட்டுகளை அது தருகிறது. 'யூரேண்டம்' என்னும் சாதனக் கோப்பிலிருந்து 16 பைட்டுகளை 'ஓடி' கொண்டு பதினறும வடிவில் அச்சிட்டால், பைட்டுக்கு இரண்டாக 32 இலக்கங்கள் கிடைக்கும்.

ஆனால் இலக்கங்களின் தோற்றம் அவற்றின் தரத்தைக் காட்டாது. 2006இல் டெபியன் வழங்கலின் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையைத் தவிர்க்கும் நோக்கில் சமவாய்ப்பு மூலத்தைச் சேர்க்கும் நிரல்வரி நீக்கப்பட்டது. மாறும் மூலமாகச் செயல்முறை எண் மட்டுமே எஞ்சியது. அதன் வழக்கமான உச்ச வரம்பு 32,768. ஆகவே ஒரே வகையும் அளவும் கொண்ட மறைகுறித் திறவுகோல்களை முழுமையாகப் பட்டியலிட்டுவிட முடிந்தது. பார்வைக்கு அவை வழக்கம்போலவே தோன்றின. 2008 மே 13 அன்று பிழை அறிவிக்கப்பட்டதும், இடைக்காலத்தில் உருவாக்கிய திறவுகோல்களை மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணை எந்த வடிவில் எழுதினாலும், பைட்டுகள் பிறக்கும் மூலமே அதன் பாதுகாப்பை முடிவுசெய்கிறது.