அடை

முட்டைமேல் கோழி கிடக்கும் கிடைதான் அடை. 'சேர், தங்கு' எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர். அடைக்கலமும் இந்த வேரில் கிளைத்ததே. கொங்குப் பக்கம் 'அவயம்' என்பார்கள்.

அடைக்கு வந்த கோழி முட்டையிடாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும், அடிவயிறு சுடும். குஞ்சு பொரிக்க 21 நாள்.

முட்டைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் இந்தக் குணம் மங்கிவிட்டது. கொல்லையில் திரியும் நாட்டுக்கோழியோ வெறும் கூடையிலும் அடை கிடக்கும்.

அதைத் தெளிய வைக்க மூக்கில் இறகு செருகுவது கொடுமை, வேண்டவே வேண்டாம். அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால், வயிற்றுச் சூடு தணிந்து தானே தெளியும்.