எலிசபெத் சேவியர் டெயிட்

எலிசபெத் சேவியர் டெயிட்: பம்பாயில் பிறந்து, 1856இல் வில்லி கைவண்டிக் குழுவோடு அமெரிக்காவின் யூட்டா பகுதிக்கு நடந்து சென்ற மார்மன் முன்னோடிப் பெண். 1847இல் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் மார்மன் சபையினரின் குடியேற்றம் தொடங்கியது. 1869இல் இருப்புப்பாதை வந்தது. இந்த இடைக்காலத்தில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் அங்கே சென்ற சுமார் 70,000 பேரையே இச்சபையினர் முன்னோடிகள் என்பர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கரும் ஐரோப்பியரும் ஆவர். இந்தியாவில் பிறந்தோர் மிகச் சிலரே.

பிறப்பும் குடும்பமும்

1830களின் தொடக்கத்தில் பிறந்தவர். உயர்சாதி இந்துக் குடும்பத்தில், செல்வச் செழிப்பில் பிறந்து கல்வி பெற்றவர் என்று யூட்டாவில் வழங்கும் குடும்ப மரபு கூறுகிறது. ஆனால் சேவியர் என்னும் பெயர், போர்த்துகீசியர் காலம் முதல் மேற்குக் கடற்கரையில் வேரூன்றிய கிறிஸ்தவக் குடும்பங்களையே நினைவூட்டுகிறது. இரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருத்தலும் கூடும். பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய வில்லியம் டெயிட் என்பவரை மணந்தார்.

இந்தியாவில் மார்மன் ஊழியம்

மார்மன் சபை எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முதல் இந்திய ஊழியம் கல்கத்தாவில் 1851இல் தொடங்கியது. பம்பாய், பூனா பகுதியில் ஸ்காட்லாந்துக்காரரான ஹியூ ஃபிண்ட்லே பணியாற்றினார். டெயிட் தம்பதியர் சபைத் தொடர்பு கொண்டது இவர் வழியாகவே. 1853 ஏப்ரலில் ‘மான்சூன்’ என்ற கப்பலில் 13 ஊழியர்கள் கல்கத்தாவில் இறங்கினர். அவர்களுள் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் அவ்வாண்டே சென்னைக்கு வந்தனர். பாலன்டைன் சென்னையில் மாத இதழ் ஒன்றையும் அச்சிட்டார். யூட்டாவில் சபையின் ஞாயிறு பள்ளியை 1849இல் தொடங்கியவரும் இவரே.

ஊழியம் பெரும்பாலும் படைவீரர்களையும் ஐரோப்பியரையும் நாடியே நடந்தது. பாளையங்களுக்குள் பிரசங்கம் செய்யப் படை அதிகாரிகள் தடை விதித்தனர். சபையினரிடையே நிலவிய பலதார மணம் 1852இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது எதிர்ப்பை வளர்த்தது. 1856க்குள் ஊழியர் அனைவரும் திரும்பிவிட்டனர். சபையில் சேர்ந்த சிலர் யூட்டாவுக்குப் புறப்பட்டனர்.

பிரிவும் கடற்பயணமும்

குடும்பக் குறிப்புகளின்படி, வில்லியம் மூத்த மகனை அழைத்துக்கொண்டு யூட்டாவுக்கு முன்னே சென்றார். நிறைமாதமாக இருந்த எலிசபெத் பம்பாயில் தங்கினார். இன்னொரு மகனைக் காலரா கொண்டுபோயிற்று. பெண் குழந்தை பிறந்தபின், போக வேண்டாம் என்று பிறந்த வீட்டார் தடுத்தும் கேளாமல் கைக்குழந்தையோடு இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சேர்ந்தார். அக்குழந்தையும், கைவண்டிப் பயணம் தொடங்கும் இடமான அயோவாவை அடையும் காலத்தில் இறந்தது என்பர். ஆக, கைவண்டிப் பாதையில் அவர் அடியெடுத்து வைத்தது தனியாளாகவே.

வில்லி கைவண்டிக் குழு, 1856

இவர் வாழ்வில் நாள்வாரியாகப் பதிவு கிடைப்பது இந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே. அப்பதிவுகளும் குழுவைப் பற்றியவை. இவர் கைப்பட எழுதிய பயணக் குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை. பெயர்ப்பட்டியலில் ஒரு பெயராகவே நிற்கிறார்.

மாட்டுவண்டி வாங்க வசதியற்றோருக்காகச் சபைத் தலைவர் பிரிகாம் யங் வகுத்த திட்டமே கைவண்டிப் பயணம். 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களில் ஏறத்தாழ 3,000 பேர் இவ்வாறு நடந்தனர். ஐந்து பேருக்கு ஒரு வண்டி; சுமார் 20 பேருக்கு ஒரு கூடாரம். படுக்கை, துணிமணி, சமையல் பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 17 ராத்தல், அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. பம்பாயிலிருந்து கொண்டுவந்தவற்றுள் எலிசபெத் எதை அந்த 17 ராத்தலில் வைத்துக்கொண்டார் என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை.

ஜேம்ஸ் வில்லி தலைமையில் சுமார் 500 பேர் கொண்ட குழு, பருவம் பிந்தி, ஜூலை 15 அன்று அயோவா நகரிலிருந்து கிளம்பியது. செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ 2,100 கி.மீ. பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வெயிலில் காய்ந்து விரிந்தன. அச்சுக்குத் தடவ மசகு இல்லாமல், உண்ண வைத்திருந்த பன்றி இறைச்சியையும் சோப்பையும் தேய்த்தனர். அதில் மணல் ஒட்டி அச்சு மேலும் தேய்ந்தது.

இன்றைய ஒமாகா நகரின் பகுதியான புளோரன்ஸில், ஆகஸ்ட் 13 அன்று கூட்டம் கூடியது. குளிர்காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்று கண்ணீரோடு வாதிட்டவர் லீவை சாவேஜ். 1853இல் கல்கத்தாவில் இறங்கிய ஊழியருள் ஒருவர் இவர். பர்மாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் புறப்படவே விரும்பினர். போவதென்றால் தாமும் கூடவே வந்து துணைநிற்பதாகக் கூறிய சாவேஜ், கடைசிவரை அச்சொல்லைக் காத்தார். கல்கத்தாவையும் ரங்கூனையும் கண்ட அவரும் பம்பாய்ப் பெண்ணான எலிசபெத்தும் ஒரே குழுவில் நடந்தனர். இருவரும் வழியில் பேசிக்கொண்டார்களா என்பதற்குச் சான்று இல்லை.

சுமார் 400 பேரே புளோரன்ஸிலிருந்து தொடர்ந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 எருதுகள் மிரண்டோடித் தொலைந்தன. அவை வண்டிகளில் இழுத்துவந்த மாவு மூட்டைகளும் கைவண்டிகளில் ஏறின. நாளுக்கு ஒரு ராத்தலாக இருந்த மாவு, அக்டோபர் நடுவில் வேலை செய்யும் ஆண்களுக்கு 12 அவுன்ஸ், பெண்களுக்கும் முதியவர்களுக்கும் 9 அவுன்ஸ், குழந்தைகளுக்கு 4 முதல் 8 அவுன்ஸ் எனக் குறைந்தது. 9 அவுன்ஸ் என்பது கால் கிலோ. எலிசபெத்தின் பங்கும் அதுவே.

அக்டோபர் 19 அன்று பனிப்புயல் வந்தது. மாவும் அத்தோடு தீர்ந்தது. குழு இன்னும் வழியிலேயே உள்ள செய்தி அறிந்து அக்டோபர் 5 அன்றே பிரிகாம் யங் உதவி கோரியிருந்தார். சால்ட் லேக்கிலிருந்து கிளம்பிய மீட்பு வண்டிகள் 21 அன்று ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரையில் குழுவைச் சேர்ந்தன. ஆனாலும் மிகக் கொடிய நாள் 23 ஆகும். ராக்கி ரிட்ஜ் என்னும் மேட்டைப் பனிக்காற்றில் ஏறிக் கடந்தனர்; பின்தங்கியோர் முகாம் சேர மறுநாள் விடியற்காலை ஆயிற்று. அம்முகாம் இருந்த ராக் கிரீக்கில் 13 பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தனர். குழுவில் இறந்தோர் தொகையைப் பலரும் பலவாறு கணக்கிடுகின்றனர். 70க்குச் சற்று முன்பின் எனலாம். நவம்பர் 9 அன்று எஞ்சியோர் சால்ட் லேக் நகரை அடைந்தனர்.

பிற்கால வாழ்வு

யூட்டாவில் கணவரோடும் மகனோடும் சேர்ந்த எலிசபெத், தென்யூட்டாவின் சீடர் சிட்டியில் குடியேறி மேலும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்.

பின்வந்த நிலை

தமிழகத்தில் இச்சபையின் பெயர் ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் கேட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். பால் திருத்துவதாஸ் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். சபையின் பெங்களூரு ஊழிய மாகாணம் 1993இல் அமைந்தது. இந்தியாவின் முதல் ஆலயம் பெங்களூரில் கட்டப்படும் என்று 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.