ஃபோச்சாவின் நிழலில் ஒரு காதல் படம்

பால்கன் என்ற பெயரைத் துருக்கி மொழியில் ‘பால்’ என்றும் ‘கன்’ என்றும் பிரித்து, தேனும் இரத்தமும் எனப் பொருள் கூறும் வழக்கம் ஒன்று உண்டு. சொல்லாய்வாளர் இதனை ஏற்பதில்லை. காடு அடர்ந்த மலைத்தொடரைக் குறிக்கும் துருக்கிச் சொல்லே அதன் மூலம் என்பர். ஆயினும் அமெரிக்க நடிகை ஏஞ்சலினா ஜோலி, தாம் இயக்கிய முதல் கதைப்படத்திற்கு இந்த மக்கள் வழக்கிலிருந்தே பெயரெடுத்தார். ‘இரத்தமும் தேனும் கொண்ட நாட்டில்’ என்பது 2011ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அப்படத்தின் பெயர். போஸ்னியப் போரைக் களமாகக் கொண்டது. போருக்கு முன் ஒரு நடன அரங்கில் சந்தித்துக்கொண்ட இருவர் அதன் நாயகனும் நாயகியும். ஐலா என்பவள் ஓவியம் வரையும் முஸ்லிம் பெண். தானியேல் என்பவன் செர்பியக் காவலன். போர் மூண்டபின் அவள் கைதியாகப் பிடித்துச் செல்லப்படும் முகாமில் அவனே அதிகாரியாக இருக்கிறான்.

இப்படத்தைப் பற்றி மக்கள் கூறிய கருத்துகள் படத்தைவிட ஆராயத்தக்கவை. அவற்றுள் மிகக் கடுமையானவை படம் எடுக்கப்படுமுன்பே எழுந்தவை. 2010 அக்டோபரில், போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் சங்கம் ஒன்று, பக்கீரா ஹசேச்சிச் அவர்களின் தலைமையில், இப்படப்பிடிப்பை எதிர்த்துக் குரல் எழுப்பியது. தன்னைக் கெடுத்தவன் மீதே காதல் கொள்ளும் முஸ்லிம் பெண்ணின் கதை இது என்ற செய்தி அப்போது பரவியிருந்தது. போஸ்னியக் கூட்டமைப்பின் பண்பாட்டு அமைச்சர் படப்பிடிப்புக்கான அனுமதியை இரத்துச் செய்தார். திரைக்கதை அவர் கைக்குக் கிடைத்ததும் சில நாட்களிலேயே அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. எனினும் படத்தின் பெரும்பகுதி ஹங்கேரியிலேயே எடுக்கப்பட்டது.

எழுதப்பட்ட கதையை வாசிக்காமலே தடைவிதித்த அமைச்சரின் அவசரத்தை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் அப்பெண்களின் அச்சத்தையும் அவசரம் என்று ஒதுக்கிவிடலாமா? மேலைநாட்டு இதழ்களில் எழுதியோர் சிலர் அவ்வாறே செய்தனர். கலைச் சுதந்திரத்திற்கும் காயப்பட்ட மனங்களுக்கும் இடையிலான வழக்கமான பூசல் என்ற அளவில் அவர்கள் இதனைக் கண்டனர். அவர்கள் காணத் தவறியது ஒன்று உண்டு. அதனை அறிய ஃபோச்சா என்னும் ஊருக்குச் செல்லவேண்டும்.

கிழக்குப் போஸ்னியாவில் த்ரினா ஆற்றங்கரையில் அமைந்த பழைமையான ஊர் ஃபோச்சா. உஸ்மானிய ஆட்சிக்காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட அலாஜா பள்ளிவாசல் அதன் அணிகலனாக விளங்கியது. 1991 கணக்கெடுப்பின்படி அவ்வட்டாரத்து மக்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் முஸ்லிம்கள். 1992 ஏப்ரலில் செர்பியப் படைகள் ஊரைக் கைப்பற்றின. ஆண்கள் சிறையிடப்பட்டனர், பெண்களும் சிறுமியரும் பள்ளிக்கூடத்திலும் ‘பார்ட்டிஸான்’ என்னும் விளையாட்டுக் கூடத்திலும் அடைக்கப்பட்டு, இரவுதோறும் படைவீரர்களால் இழுத்துச் செல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அலாஜா பள்ளிவாசல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஊரின் பெயரையே ‘ஸ்ர்பினியே’ என்று மாற்றினர். அடைத்துவைத்து நிகழ்த்தப்படும் இத்தகைய கொடுமைகளை, குறிப்பாக முஸ்லிம் பெண்களுக்கு எதிரானவற்றை, ஐ.நா. பாதுகாப்புச் சபை 1992 டிசம்பரில் தனது 798ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. கண்டனத்தால் முகாம்களின் கதவுகள் திறக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

அக்கொடுமைகளைச் செய்தோருள் மூவர் ஹேக் நகரில் அமைந்த முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டனர். 2001 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பு வந்தது. குனராட்ஸ் என்பவனுக்கு 28 ஆண்டுகளும், கோவாச் என்பவனுக்கு 20 ஆண்டுகளும், வுக்கோவிச் என்பவனுக்கு 12 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெண்களை அடைத்துவைத்துப் பாலியல் கொடுமை புரிந்ததை அடிமைப்படுத்தல் என்றும், மானுடத்திற்கு எதிரான குற்றம் என்றும் அத்தீர்ப்பாயம் தீர்ப்பளித்த முதல் வழக்கு இது. மேல்முறையீட்டிலும் 2002 ஜூனில் இத்தண்டனைகள் உறுதியாயின.

நமது பொருளுக்கு இன்றியமையாதது எதிர்த்தரப்பின் வாதமே. கோவாச் தன் குடியிருப்பில் அடைத்து வைத்திருந்த சிறுமி ஒருத்திக்கு அப்போது வயது ஏறத்தாழ 15. அவளோடு தனக்கு இருந்தது காதல் உறவு என்று அவனுடைய தரப்பு வாதிட்டது. நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. அது காதலன்று, கிடைத்த வாய்ப்பைக் கொடூரமாகப் பயன்படுத்திக்கொண்ட ஆதிக்கமே என்று அவர்கள் கண்டனர். காதலித்ததாகச் சொல்லப்பட்ட அதே சிறுமியை அவன் 500 ஜெர்மன் மார்க்குக்கு மாண்டினீக்ரோ வீரர்களிடம் விற்றான் என்பதும் அதே தீர்ப்பில் நிறுவப்பட்ட செய்தி. குனராட்ஸோ, ஒரு பெண் தானாகவே தன்னிடம் வந்தாள் என்றான். இணங்காவிடில் கொல்லப்படுவாய் என்று மற்றொரு வீரன் அச்சுறுத்தியதனாலேயே அவள் அவ்வாறு நடந்தாள் என்பது வெளிப்பட்டது. சிறைப்பட்டவளின் இணக்கம் இணக்கமாகாது என்பதே தீர்ப்பின் அடித்தளம். நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இக்ராஹ்’ என்ற தலைப்பின்கீழ் நிர்ப்பந்திக்கப்பட்டோர் குறித்து உலமாக்கள் வகுத்த விதிகளை அறிந்தவர்க்கு இது புதியதன்று. நிர்ப்பந்தத்திற்கு ஆளான பெண் மீது குற்றமில்லை என்பதில் அவர்களுக்குள் ஐயம் இருந்ததில்லை.

ஆக, ‘காதல்’ என்ற சொல் அப்பெண்களுக்கு ஒரு கதைப் பொருளாக வந்து சேரவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர்களை நோக்கி எறியப்பட்ட வாதமாக வந்தது. அந்நிய மண்ணில் நீதிமன்றம் ஏறி, அடையாளம் மறைத்துச் சாட்சியம் அளித்து, அவ்வாதத்தை அவர்கள் முறியடித்துப் பத்தாண்டுகூட ஆகவில்லை. அந்நிலையில், முகாம் அதிகாரிக்கும் கைதிக்கும் காதல் என்று ஒரு படம் வரப்போகிறதெனக் கேட்டால், தோற்ற வாதம் திரையில் வென்றுவிடுமோ என்று அஞ்சியதில் வியப்பென்ன?

படம் முடிந்தபின் நிலை மாறியது. முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தோரின் சங்கத்தினரும் ஸ்ரெப்ரெனிட்ஸா தாய்மாரின் பிரதிநிதிகளும் சரயேவோவில் தனிக்காட்சியாகப் படத்தைப் பார்த்துப் பாராட்டினர். 2012 பிப்ரவரியில் சரயேவோவின் ஸெத்ரா அரங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு பார்த்தனர். செர்பியத் தரப்பிலோ, தங்களையே கொடியவர்களாகக் காட்டும் ஒருதலையான படம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா எனப்படும் செர்பியப் பகுதியின் திரையரங்குகளில் படம் காட்டப்படவில்லை. அதற்கு வணிக ஆதாயம் இராது என்று கூறப்பட்டது. பெல்கிரேடில் திரையிட்டபோது வந்தோர் மிகச் சிலரே.

போரின் பெயரிலேயே இரு தரப்பாரும் வேறுபட்டனர் என்பதையும் குறிப்பிடவேண்டும். செர்பியர் பலர் இதனை உள்நாட்டுப் போர் என்பர். போஸ்னிய முஸ்லிம்கள் அச்சொல்லை ஏற்பதில்லை, ஆக்கிரமிப்பு என்றே சொல்வர். தாதிச் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில், 1999 ஜூலையில், போஸ்னிய செர்பியப் படை பெல்கிரேடின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாட்டில் இருந்ததால் அது பன்னாட்டுப் போரே என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தது.

என் கருத்தில், வதந்தி கூறியவாறான படம் அன்று இது. நாயகன் நாயகிக்குத் தரும் பாதுகாப்பு பூட்டிய அறையின் பாதுகாப்பே என்பதை இயக்குநர் மறைக்கவில்லை. இறுதியில் அவனே அவளைக் கொல்கிறான். ஆயினும் அவ்வறைக்குள் நிகழும் நெருக்கத்தைக் காதற் படங்களுக்குரிய மென்மையோடு காட்டியிருப்பது உறுத்துகிறது. அவள் மனத்தில் உள்ளது அன்பா, உயிர்பிழைக்கும் உபாயமா என்பதைப் படம் தெளிவாக்குவதில்லை. கலைக்கு அத்தெளிவின்மை உரியது என்பர். நீதிமன்றத்தில் அத்தெளிவின்மையையே எதிர்த்தரப்பு கேடயமாகப் பிடித்தது என்பதை அறிந்தவரால் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியாது.

இப்பூசல் போஸ்னியாவுக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில், 2011 ஜனவரி 21 அன்று, வங்காளதேசத்தில் ருபையாத் ஹுசைன் இயக்கிய ‘மெஹர்ஜான்’ வெளியானது. 1971 போரில், கொடுமைகளில் பங்கேற்க மறுத்த பாகிஸ்தான் படையின் பலூச் வீரன் ஒருவனுக்கும் வங்காளப் பெண்ணுக்கும் இடையே மலரும் காதல் அதன் கதை. ஏறத்தாழ ஒரே வாரத்தில் விநியோகஸ்தர் படத்தைத் திரும்பப் பெற்றனர். அங்கே இரு தரப்பாரும் முஸ்லிம்கள் என்பது நாம் சிந்திக்கவேண்டிய செய்தி. கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு 1972இலேயே ‘பீராங்கனா’ (வீராங்கனை) என்று அரசு பட்டம் சூட்டியது. எனினும் பலரைக் குடும்பமும் ஊரும் ஒதுக்கியே வைத்தன. விடுதலைப் போராளிகள் என்ற முறையான ஏற்பு அவர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான். போர்க்குற்றங்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் 2010இல் அமைந்து விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில் படம் வந்தது. நல்ல பகைவன் ஒருவனைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் சாட்சிகள் இன்னும் பேசி முடிக்காத வேளையில் அவனைத் திரையின் நடுவில் நிறுத்தியதே பலரைப் புண்படுத்தியது என்று கருதுகிறேன்.

இவ்விரு படங்களுக்கும் முந்தைய ‘க்ர்பாவிட்சா’ வேறு வழியில் சென்றது. சரயேவோவைச் சேர்ந்த யாஸ்மிலா ஷ்பானிச் இயக்கிய இப்படம் 2006இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. இதில் முகாமும் இல்லை, அதிகாரியும் இல்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின் மகளோடு வாழும் எஸ்மா என்ற தாயின் கதை. தன் தந்தை ஷஹீத் ஆனவர் என்று நம்பி வளர்ந்த மகள் சாரா, ஷஹீதுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவில் கிடைக்கும் சலுகைக்காகச் சான்றிதழ் கேட்கிறாள். தாயிடம் அது இல்லை; இருக்கவும் முடியாது. அத்தாயாக நடித்த மிரியானா கரானோவிச் ஒரு செர்பியர் என்பதும் கருதத்தக்கது.

அப்படத்தையொட்டி, உயிர்தப்பிய பெண்களின் கண்ணியத்திற்காக ஒரு கையொப்ப இயக்கம் நடந்தது. பார்த்தோர் கருத்துச் சொல்லிக் கலைந்துவிடாமல் கையெழுத்தும் இட்டனர். 2006இல் போஸ்னியக் கூட்டமைப்பின் சட்டம் திருத்தப்பட்டு, அப்பெண்கள் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களுள் தனி வகையினராக ஏற்கப்பட்டு மாத உதவித்தொகைக்கு உரியவராயினர். செர்பியப் பகுதியில் இத்தகையோருக்கான தனிச்சட்டம் 2018இல்தான் வந்தது. ஃபோச்சாவின் அலாஜா பள்ளிவாசல் மீண்டும் எழுப்பப்பட்டு 2019 மே மாதம் திறக்கப்பட்டது. சாராவைப் போல் அக்கொடுமையால் பிறந்த பிள்ளைகளைப் போரால் பாதிக்கப்பட்டோராகக் கூட்டமைப்பின் சட்டம் ஏற்றது 2023இல். அப்போது அவர்களுள் பலருக்கு வயது முப்பது.