காணி இருக்கு, வீடு?

வீட்டு விலை என்றதும் எங்களுக்கு கொழும்பு, சென்னை, லண்டன்தான் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் காணிதான் நெருப்பு விலை. துணுக்காயில் கதை வேறு. காணி இருக்கு, அதில வீடெழுப்பத்தான் காசு காணாது.

இதன் வேரைத் தேடினால் 1984க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் தொடங்கியது. அரசே வீடு கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, சிறு கடன் கொடுத்து மக்களையே கட்டவைக்கும் முறை அது. வன்னியில் இந்த முறை பெரிய அளவில் நடந்தது போர் முடிந்த பிறகுதான்.

2009 இறுதியில் முகாம்களிலிருந்து சனம் திரும்பத் தொடங்கிய இடங்களில் துணுக்காயும் ஒன்று. தறப்பாளும் தகரமும்தான் அப்போது கூரை. 2012இல் இந்திய வீட்டுத்திட்டம் பரவலாகத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக வங்கிக்கு வரும். வேலை நகர்ந்தால்தான் அடுத்த தவணை. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கட்டத் தொடங்க, மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறின. உதவித்தொகை ஏறவில்லை. இடைவெளியை நிரப்ப நகை அடைவுக்குப் போனது, கடன் வீட்டுக்கு வந்தது. வீடு மானியம், கடன் சொந்தம்!

பிறகு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபா. அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே, வன்னி வெயிலுக்கு இரும்புச் சுவரா, உள்ளூர் மேசனுக்கு வேலை எங்கே என்று சனமும் துறைசார்ந்தவர்களும் கேட்டார்கள். அந்த 65,000 வீடுகள் எழவேயில்லை. கேள்வி கேட்டதற்குப் பலன் இருந்தது.

ஆனால் பாடம் படிக்கப்படவில்லை. 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு வீடமைப்பு அதிகாரசபையின் தவணைகள் பலருக்கு இடையில் நின்றன. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை எங்கேயோ போனது. இருந்த கொட்டிலைப் பிடுங்கிவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் கோரிக்கை எளிது. உதவித்தொகையைச் சந்தை விலையோடு சேர்த்து ஏற்றவேண்டும். ஆட்சி மாறினாலும் தொடங்கிய வீட்டுக்குத் தவணை நிற்கக்கூடாது.

அடுத்தமுறை மாங்குளத்தால் உள்ளே போகும்போது, கூரையில்லாமல் நிற்கிற சுவர்களைக் கண்டால் 'சோம்பேறிச் சனம்' என்று சொல்லாதேங்கோ. எந்த ஆண்டுத் திட்டம், எத்தனையாம் தவணை என்று கேளுங்கோ.