கொல்லைக்கு வந்த மிளகாய்

தமிழர் சமையலில் இன்று காரம் என்றாலே மிளகாய்தான். ஆனால் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் செடி இங்கே கிடையாது. சங்க இலக்கியம் 'கறி' என்று கூறுவது மிளகையே. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் மிளகு மூட்டைகளையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் மிளகு விளையும் நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு, வழிமாறிப் போய்க் கண்டது இந்தக் காயை. 1498இல் போர்த்துக்கீசர் கோழிக்கோட்டுக்கு வந்தபின், அவர்களுடைய கடல்வழியே 16ஆம் நூற்றாண்டில் இது மேற்குக் கரையை அடைந்தது. 1542இல் வெளியான தம் மூலிகை நூலில் செருமானியர் லியோனார்டு பூக்சு இதற்குக் 'கோழிக்கோட்டு மிளகு' என்றே பெயரிட்டார். வந்த சுவடே தெரியாமல் இந்தியச் செடியாகிவிட்டது போலும்!

வந்த வழியைப் பெயர்கள் மறக்கவில்லை. தமிழில் மிளகோடு காய் சேர்ந்து மிளகாய் ஆயிற்று. மலையாளத்தில் கப்பல்முளகு, பறங்கிமுளகு என்ற பெயர்கள் உண்டு. மட்டக்களப்புத் தமிழர் கொச்சிக்காய் என்பர்.

இந்தப் புதுக் காய் மிளகை வென்றதற்குச் சுவையைவிடப் பெரிய காரணம் கொல்லைப்புறம் என்று கொள்ளலாம். மிளகுக்கொடிக்கு மலைச்சாரலின் மழையும் நிழலும், பற்றிப் படர மரமும் வேண்டும். காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். சமவெளியில் இருப்பவர் அதைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. மிளகாய்க்கு வெயில் படும் ஒரு முழ இடமும், பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வாய்க்காலும் போதும். வணிகரின் மூட்டையில் இருந்த காரம் ஏழை வீட்டுக் கொல்லைக்கு வந்தது இப்படித்தான்.

வளர்க்கும் முறையும் எளிது. நாற்றங்காலில் விதைத்து, ஏறத்தாழ நாற்பது நாள் நாற்றைப் பிடுங்கி நடுவார்கள். மக்கிய சாணமே எரு. நீர் தேங்கினால் வேர் அழுகும். இலை சுருண்டால் அடுப்புச் சாம்பல் தூவுவது பழைய வழக்கம். இலைப்பேன் மிகுந்துவிட்டால் அது பயன்படாது. நட்டு இரண்டரை மாதமளவில் பச்சைக்காய் பறிக்கலாம். காம்போடு கிள்ள வேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் கிளை முறியும். பச்சையாகப் பறிக்கப் பறிக்கச் செடி மேலும் பூக்கும். எல்லாவற்றையும் பழுக்க விட்டால் பூப்பது குறையும். ஆகவே அன்றாடத் தேவைக்குப் பச்சையாகப் பறித்து, வற்றலுக்கும் விதைக்கும் மட்டும் சிலவற்றைப் பழுக்க விடுவதே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில் உள்ளது.

காந்தாரி மிளகாயை நட வேண்டியதுகூட இல்லை. பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று எச்சமிட்ட வேலியோரத்தில் தானே முளைக்கும்.

மிளகாய் நுழையாத அடுப்பும் உண்டு. திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் மிளகாய் விலக்கப்பட்டு மிளகே சேர்க்கப்படுகிறது. காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கும் காரம் மிளகுதான். மிளகாய் வருவதற்கு முந்தைய தமிழ்ச் சமையல் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் தொடங்கவேண்டிய இடம் இது.